வெள்ளாட்டுப் பால் கறக்கக் கைப்பம்பு: இழுக்கத் தெரியும், விடத் தெரியாது

வெள்ளாட்டுக்கு இரண்டே காம்பு, ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் முன்னே பின்னே பால். இதற்கெல்லாம் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் தலையீற்று ஆட்டின் காம்பைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு விரலும் மடங்க அதில் இடம் இருக்காது. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்துக் கிள்ளிக் கிள்ளிப் பீச்ச வேண்டும். நாலைந்து ஆடு முடிவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். திறந்த பாத்திரத்தில் முடியும் தூசியும் விழும், பாதி கறந்த பாலில் ஆடு காலை வைக்கும். கைப்பம்பு உதவுவது இங்கேதான். நேரம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். நன்றாகக் கறக்கத் தெரிந்த கையை இது வேகத்தில் முந்தாது. கைவலி குறையும், பால் மூடிய பாட்டிலில் சுத்தமாக விழும். அதற்காக வாங்கலாம்.

மோட்டார் இல்லாத வகையைத்தான் கைப்பம்பு என்கிறேன். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்க மெக்கானிக்குகள் ஒரு பம்பு வைத்திருப்பார்களே, விசையை அழுத்த அழுத்தக் காற்றை உறிஞ்சுவது, இதுவும் அதே இனம். பம்பிலிருந்து ஒரு குழாய் பாட்டில் மூடிக்குப் போகும். மூடியின் இன்னொரு துளையிலிருந்து வேறொரு குழாய் காம்பில் மாட்டும் கப்புக்குப் போகும். பாட்டிலிலிருந்து காற்று வெளியேறினால் கப்பில் உறிஞ்சல் உண்டாகும், பால் குழாய் வழியாக இறங்கிப் பாட்டிலில் விழும். பம்பு காற்றை மட்டும்தான் பார்க்கிறது, பாலைப் பார்க்கவே கூடாது. பம்பும் கப்பும் பாட்டில் வாயிலேயே பொருத்தப்பட்ட வகையும் உண்டு. அதை ஒரு கையால் மடிக்குக் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பாகக் கறக்க வேண்டும்.

இந்தக் கருவிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் ஒரே மாதத்தில் காம்பைக் கெடுத்துவிட்டுப் பரணில் போட்டுவிடுகிறார்கள். குட்டி ஊட்டும்போது இழுக்கும், விழுங்க ஒரு கணம் விடும், மறுபடி இழுக்கும். கையால் பீச்சும்போதும் அழுத்தம், தளர்வு, அழுத்தம் என்றுதான் போகும். அந்தத் தளர்வில்தான் காம்பின் நுனியில் தேங்கிய ரத்தம் மேலே திரும்பும். கைப்பம்புக்கு இழுக்க மட்டுமே தெரியும், விடத் தெரியாது. மாட்டிய நேரம் முதல் கழற்றும் வரை ஒரே இழுப்புதான். இயந்திரக் கறவை பிறந்த காலத்திலேயே இருந்த சிக்கல் இது. 1889-ல் ஸ்காட்லாந்தின் வில்லியம் மர்ச்லாண்ட் செய்த கருவி இப்படி விடாமல் இழுப்பதுதான். 1895-ல் கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் ஷீல்ஸ் பல்சேட்டரைச் சேர்த்தார், அதன் பிறகே இழுப்பும் தளர்வும் மாறி மாறி வந்தன. ஆடுகளுக்கான இன்றைய மின் இயந்திரங்களில் நிமிடத்துக்கு 90 தடவை போல இந்த மாற்றம் நடக்கிறது. கைப்பம்பில் அந்தத் தளர்வை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இனி சொல்லப்போகும் முறைகளில் பாதி அதற்காகத்தான்.

முதலில் அளவு. ஆட்டுக்கான மின் இயந்திரங்கள் 36 முதல் 40 கிலோபாஸ்கல் உறிஞ்சலில் ஓடும். அதுவும் பல்சேட்டர் இருப்பதால். கைப்பம்பின் கேஜ் பெரும்பாலும் பாதரச அங்குலத்தில் காட்டும். 10 அங்குலம் என்றால் ஏறக்குறைய 34 கிலோபாஸ்கல், 12 என்றால் 41, 15 என்றால் 51. எட்டில் ஆரம்பியுங்கள். பால் கம்பியாக இறங்கினால் அதற்கு மேல் ஒரு அழுத்துகூட வேண்டாம். இறங்காவிட்டால் பத்து. பன்னிரண்டைத் தாண்டவே கூடாது. பன்னிரண்டிலும் பால் வரவில்லை என்றால் குறை உறிஞ்சலில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. கேஜ் இல்லாத பம்பை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். 'மூன்று அழுத்து அழுத்தினால் போதும்' என்று அதோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். எந்தப் பாட்டிலில், எவ்வளவு பால் இருக்கும்போது மூன்று என்று போட்டிருக்க மாட்டார்கள்.

அழுத்துகளின் கணக்கு பாட்டிலில் மிச்சமிருக்கும் காற்றைப் பொறுத்தது. ஒரு லிட்டர் பாட்டில் காலியாக இருக்கும்போது ஒரு அழுத்து முள்ளை லேசாக நகர்த்தும். முக்கால் பாட்டில் பால் நிறைந்து 250 மில்லி இடம்தான் மிச்சம் என்றால், அதே ஒரு அழுத்து ஏறக்குறைய நான்கு மடங்கு வேலை செய்யும். ஆரம்பத்தில் பழகிய அதே கைக்கணக்கில் கடைசியிலும் அழுத்தினால் முள் 15-க்கு மேல் தாவிவிடும். அந்த நேரத்தில் மடியும் காலியாக இருக்கும். காம்பு நோகும் கணம் அதுதான், ஆடு உதைப்பதும் அப்போதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பால் விழ விழ உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்பட்டு உறிஞ்சல் தானாகக் குறையும். காலி ஒரு லிட்டர் பாட்டிலில் முள் 10-ல் இருந்தால், 100 மில்லி பால் விழுந்ததும் 8-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். மிச்சக் காற்று 250 மில்லிதான் என்றால் அதே 100 மில்லி பால் உறிஞ்சலை முழுதாகத் தின்றுவிடும், கப் கழன்று கீழே விழும். 'பம்பு பிடிக்கவே மாட்டேன் என்கிறது' என்ற புகாரில் பாதி இந்தச் சின்னப் பாட்டில் கதைதான். ஒரு வேளைக்கு 700 மில்லி கொடுக்கும் ஆட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டில் சரி. ஒரு லிட்டர் கொடுப்பதற்கு ஒன்றரை லிட்டர் வேண்டும். முக்காலுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பாலைப் பம்பிலிருந்து தள்ளி வைப்பதற்கும் உதவும்.

பாட்டில் தடித்த கண்ணாடியாகவோ கெட்டியான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் போன்ற மெல்லியது முதல் அழுத்திலேயே சப்பிப் போகும். கண்ணாடியில் கீறலோ வாய்ப்பகுதியில் சில்லோ இருந்தால் உறிஞ்சலில் உள்நோக்கி நொறுங்கலாம், அதை ஒதுக்கிவிடுங்கள். குழாய் சிலிக்கானில், சுவர் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். மெல்லிய சுவருள்ள குழாய் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். பால் போகும் குழாயின் உள்விட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தால் பால் தேங்காமல் இறங்கும், காற்றுக் குழாய்க்கு 5, 6 போதும். மூடிக்குள் இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. பால் வரும் முனை ஒரு விரல்கடை கீழே இறங்கி, பாட்டில் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெறிக்கும் துளிகளைக் காற்று முனை இழுத்துக்கொள்ளும்.

கப்தான் இந்தக் கருவியின் உயிர். பம்பு சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், கப் பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. காம்பு கப்பின் சுவரை லேசாகத் தொட்டபடி உள்ளே தொங்க வேண்டும், நுனிக்குக் கீழே ஒரு விரல்கடை வெற்றிடம் இருக்க வேண்டும். கப் பெரிதானால் காம்போடு மடித்தோலும் உள்ளே ஏறும். காம்பின் அடி நெரிந்து, மடியிலிருந்து காம்புக்குப் பால் இறங்கும் வழி அடைபடும். உறிஞ்சல் நன்றாக இருக்கும், பால் மட்டும் வராது. தெரியாதவர்கள் இன்னும் நாலு அழுத்து அழுத்துவார்கள், அடைப்பு இன்னும் இறுகும். கப் சிறிதானால் காம்பின் அடியில் வளையம் போலச் சிவந்த தடம் விழும். ஒரே மந்தையில் நான்காம் ஈற்று ஆட்டின் காம்பும் தலையீற்றின் காம்பும் ஒன்றாக இருக்காது. இரண்டு மூன்று அளவில் கப் வைத்திருந்து, எந்த ஆட்டுக்கு எது என்று அதன்மேல் நிற நாடா சுற்றி வைத்துக்கொள்வது நல்லது.

சொந்தமாகச் செய்பவர்கள் ஊசி மருந்து சிரிஞ்சின் உருளையைக் கப்பாக்குகிறார்கள். 20 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், நடுத்தரக் காம்புக்கு ஒத்துப்போகும். இரண்டு விஷயம் கவனியுங்கள். விரல் வைக்கும் விளிம்பு உள்ள பக்கம்தான் மேலே, காம்பின் பக்கம் வர வேண்டும். அறுத்த பக்கம் மேலே வந்தால் எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் தோலைக் கீறும். ஊசி செருகும் நுனியின் துளை மிகச் சின்னது, அதை அப்படியே விட்டால் ஒரு லிட்டர் இறங்குவதற்குள் ஆடு தீவனத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். நுனியை வெட்டிவிட்டு, தடித்த சிலிக்கான் குழாயை உருளைமேலேயே இறுக்கி ஏற்றுங்கள்.

கறவைக்கு முன் ஒரு கசிவுச் சோதனை, ஓரிரு நிமிட வேலை. கப் வாயை உள்ளங்கையால் மூடி, முள்ளை 10-க்குக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, பம்பை ஒட்டிய குழாயை மடக்கிப் பிடித்து அழுத்துங்கள். முள் நின்றால் பம்பில் குறை இல்லை. அடுத்து பாட்டிலைத் தாண்டிப் பால் குழாயை மடக்குங்கள். இப்போது முள் இறங்கினால் மூடியின் வாஷர்தான். நின்றால் கப்போ அதன் இணைப்போ. கசிவென்றதும் பம்பையே மாற்றிவிடுகிறார்கள், பெரும்பாலும் குற்றவாளி அந்த மூடி வாஷர்தான்.

இனி கறவை. ஆடு மேடையில் ஏறி, அடர்தீவனத்தில் வாயை வைத்த பிறகு ஆரம்பியுங்கள். மடிமேல் முடி நீளமாக இருந்தால் கத்தரித்துவிடுங்கள், ஒரு முடி இடையில் சிக்கினாலும் கப் காற்றை விடும். கையைக் கழுவி, காம்பை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வேறொரு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். இந்த இரண்டாவது துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரக் காம்பில் கப் வழுக்கும், மடியிலிருந்து வழியும் அழுக்கு நீர் நேராகப் பாலுக்குள் போகும். பிறகு ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சு கையால், கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில். திப்பியோ திரியோ தண்ணீர் போன்ற பாலோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நுனியில் உறைந்த அடைப்பும் வெளியே வந்துவிடும்.

மடியை அரை நிமிடம் நீவிவிடுங்கள். ஆடு மாட்டைப் போல அல்ல, பெரும்பகுதிப் பால் மடியின் கீழறையிலேயே சேர்ந்திருக்கும், எனவே சுரப்பு விடுவதற்கு முன்பே ஒழுகத் தொடங்கும். ஆனால் கொழுப்பு அதிகமுள்ள பின்பால் மேலே இருக்கிறது, அது இறங்க ஆடு சுரப்பு விட வேண்டும். முதல் தொடுகையிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் கப்பை மாட்டினால் இரண்டும் சேர்ந்து வரும்.

கப்பைக் காம்புக்கு நேராகப் பிடித்து மேலே ஏற்றி, தோல் மடிப்பு ஏதும் சிக்கவில்லை என்று விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு அழுத்து. கப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒன்றிரண்டு அழுத்தில் பால் ஒளிக்கோடு போலக் குழாயில் ஓடும். அவ்வளவுதான், கையைப் பம்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓட்டம் மெலிந்தால் முதலில் மடியைக் கீழிருந்து மேலாக லேசாக முட்டுங்கள், குட்டி முட்டுகிற மாதிரி. பல நேரம் அதிலேயே மறுபடி இறங்கும். அப்போதும் மெலிந்தே இருந்தால் ஒரே ஒரு அழுத்து. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை விடுவிப்பு வால்வைத் தொட்டு முள்ளை 3, 4-க்கு இறக்கி, இரண்டு விநாடி விட்டு, திரும்ப ஏற்றுங்கள். அந்த இறக்கத்தில் ஒரு கையால் கப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள். காம்புக்கு வேண்டிய மூச்சு அதுதான்.

கம்பி அறுந்து சொட்டாக மாறியதும் நிறுத்திவிட வேண்டும். கடைசித் துளிவரை பம்பிலேயே எடுக்க நினைப்பதுதான் இதில் செய்யக்கூடிய பெரிய தவறு. காலி மடிமேல் உறிஞ்சல் முழுவதும் காம்பு நுனியில்தான் விழும். முதலில் வால்வைத் திறந்து உறிஞ்சலை விடுங்கள், பிறகுதான் கப்பைக் கழற்ற வேண்டும். வால்வு இல்லாவிட்டால் கப் விளிம்பில் விரலைச் செருகிக் காற்றை உள்ளே விடுங்கள். 'பொக்'கென்று பிடுங்கினால் நுனித் தசை நோகும், மறுநாள் கப்பைப் பார்த்ததும் ஆடு காலைத் தூக்கும். மிச்சத்தைக் கையால் ஐந்தாறு பீச்சு பீச்சி எடுத்துவிடுங்கள்.

உடனே காம்பு நுனியைக் கண்ணால் பாருங்கள், இதைத் தினமும் செய்ய வேண்டும். மாட்டுவதற்கு முன்பிருந்த நிறத்திலேயே, மென்மையாக இருந்தால் சரி. நீலம் பாரித்திருந்தாலோ, நுனி கெட்டியாக வீங்கியிருந்தாலோ உறிஞ்சல் அதிகம், அல்லது நேரம் அதிகம். சில வாரங்களில் துளையைச் சுற்றி வெள்ளையாகக் காய்த்துப்போனால் இத்தனை நாளும் அதிகமாகவே இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். காய்த்த நுனி சரியாக மூடாது, கிருமி ஏற வழி கிடைக்கும். அரை சதவீத அயோடின் கரைசலில் இரண்டு காம்பையும் முக்கிவிட்டு, அரை மணி நேரம் ஆடு படுக்காமல் நிற்கும்படி முன்னால் தழை போடுங்கள். காம்புத் துவாரம் மூட அந்த நேரம் வேண்டும்.

இரண்டு கப்பை ஒரு இணைப்பில் பூட்டி இரண்டு காம்பையும் ஒரே நேரம் கறக்கும் அமைப்பு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கப் நழுவிக் காற்று புகுந்தால், குழாயில் இருக்கும் பால் துளிகள் எதிர்த்திசையில் பாய்ந்து மற்றக் காம்பின் நுனியில் போய் அறையும். மடிநோய் பரவ இதைவிட நல்ல வழி வேண்டாம். பழகும்வரை ஒரு காம்பாகக் கறங்கள். இரட்டைக் கப் வேண்டுமென்றால் ஒவ்வொரு குழாயிலும் ஒரு இறுக்கி கிளிப் இருக்கட்டும், நழுவிய பக்கத்தை உடனே நெரித்துவிடலாம். குழாயில் தொடர்ந்து குமிழி ஓடினாலும் கப்பில் காற்று புகுகிறது என்றுதான் பொருள். நுரைத்த பாலில் கொழுப்பு உடைந்து கசப்பும் கெட்ட வாடையும் ஏறும். 'ஆட்டுப் பால் வாடை' என்று ஆட்டின்மேல் போடும் பழியில் கொஞ்சம் இந்தக் காற்றுடையது.

பாட்டில் சாய்ந்தோ நிரம்பியோ பம்புக்குள் பால் ஏறிவிட்டால் அன்றே பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வால்வில் பால் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அழுத்து வெறுமனே போகும். வெதுவெதுப்பான நீரை உறிஞ்சவிட்டு வெளியேற்றி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அடித்து, பிறகு வெறும் காற்றில் இருபது முப்பது அழுத்து. பிஸ்டனுக்கு உணவுத்தர சிலிக்கான் எண்ணெய் ஒரு துளி. மற்றபடி பம்பைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

கழுவுவதில் வரிசை முக்கியம். கறந்த கையோடு 40 டிகிரிக்கு மிஞ்சாத வெதுவெதுப்பான நீர் முதலில். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் குழாயின் உட்சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். கப்பை வாளி நீரில் முக்கி, பம்பை அழுத்தினால் பால் போன அதே வழியில் தண்ணீரும் போகும். பாட்டில் நிரம்புவதற்கு முன் நிறுத்திக் கொட்டிவிடுங்கள். பிறகு பம்பைக் கழற்றிவிட்டு, 60 டிகிரிச் சூட்டில் சோப்பு நீர், குழாய்க்குள் போகும் மெல்லிய தூரிகை, நல்ல தண்ணீரில் அலசல். வாரம் ஒரு முறை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் பால்கல் படியாது. அடுத்த கறவைக்குச் சற்று முன் கிருமிநீக்கம்: 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி, இரண்டு நிமிடம், வடியவிட்டு மாட்டுங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். குழாயைச் சுருட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும், இரு முனையும் கீழே தொங்கும்படி ஆணியில் போடுங்கள். மங்கிப்போய் உள்ளே பிசுபிசுக்கும் குழாயைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கறந்த பாலை வடிகட்டி உடனே ஐஸ் தண்ணீரில் இறக்கி 4 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடான பாலை முந்தைய வேளையின் குளிர்ந்த பாலோடு சேர்க்கக் கூடாது.

எல்லா ஆட்டுக்கும் எல்லா நாளும் இது பொருந்தாது. குட்டி போட்ட முதல் சில நாளில் மடி கல்லாக வீங்கியிருந்தால் கையால்தான், அதுவும் மெதுவாக. சீம்பாலைப் பம்பில் எடுக்கலாம், அளவுக் கோடு போட்ட பாட்டிலில் விழுவதால் குட்டிக்கு எவ்வளவு போனது என்று கணக்கும் கிடைக்கும். ஆனால் அது பசை மாதிரி, பத்து நிமிடம் கழுவாமல் விட்டால் குழாய் தேறாது. காம்பில் வெட்டுக்காயம், கொப்புளம், வாய்ப்புண் நோயின் பொருக்கு இருந்தால் கப் படவே கூடாது. அந்தப் பொருக்கு மனிதர் கைக்கும் தொற்றும், கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

மடிநோய் சந்தேகம் உள்ள ஆடு கடைசியில், கையால், தனிப் பாத்திரத்தில். பாலில் கலந்து மடிநோயைக் கண்டுபிடிக்கும் கலிஃபோர்னியா சோதனைக் கரைசல் வைத்துப் பார்ப்பவர்கள் மாட்டுக்கான அட்டவணையை அப்படியே ஆட்டுக்கு வைத்து மிரண்டுவிடக் கூடாது. ஆட்டுப் பாலில் உயிரணு எண்ணிக்கை இயல்பிலேயே கூடுதல், லேசாகக் கெட்டிப்படுவது வழக்கம்தான். இரண்டு காம்பின் பாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி லேசாக இழுத்தால் பொறுத்துப் பார்க்கலாம். ஒன்று தண்ணீராகவும் மற்றது கூழாகவும் நின்றால், கூழாக நின்ற காம்பில் கடைசியாகப் போட்ட கப்பையும் குழாயையும் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த ஆட்டிடம் கொண்டுபோகாதீர்கள்.